மிருதங்கத்தைக் குறைத்தவன்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைமாருக்கு எல்லாரும் ஒரே அறிவுரையைத்தான் சொல்கிறார்கள்: அடுத்தவனைப் பார்த்துப் பொறாமைப்படாதே, உன் வேலையைப் பார். அதைச் சொல்கிறவர்களில் பாதிப்பேர் அடுத்த ஸ்ரூடியோவில் என்ன பாட்டு ஓடுகிறது என்று சுவரில் காது வைத்துக் கேட்கிறவர்கள். நானும் வைத்திருக்கிறேன். சிட்னியின் மேற்குப் பக்கத்தில் முப்பது வருஷம் பாட்டுகளை மிக்ஸ் பண்ணிவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். இனி எனக்கு நல்ல பெயர் எடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை, அதனால் உள்ளதைச் சொல்லலாம். என்னைவிட நன்றாக வேலை செய்த ஒவ்வொருவர் மீதும் எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. ஒருவன் மீது இன்னும் எரிகிறது. அவன் பெயர் விக்னேஷ், மெல்பேர்னில் பொயிண்ட் குக்கில் இருக்கிறான்.

குரல், மேளம், கிற்றார் எல்லாம் தனித்தனியாகப் பதிவாகி நம்மிடம் வரும். எது முன்னே நிற்க வேண்டும், எது பின்னே போக வேண்டும், எது இல்லாமலே போக வேண்டும் என்று முடிவெடுத்து ஒரு பாட்டாக்கி அனுப்புவது நம் பொறுப்பு. எந்தப் பொத்தானை எவ்வளவு திருகுவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒருவரைப் பின்னே அனுப்பும்போது கை தயங்குமே, அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

என் கை தயங்கப் பழகியது அரங்கேற்றங்களில். நான் இருக்கும் டூங்கபியிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரு பிள்ளை பரதநாட்டியம் அரங்கேறினால் அதன் ஒலிப்பதிவு அநேகமாக என்னிடம் வரும். பாடுகிறவர், நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் என்று ஒரு மேடை ஆட்கள். தொடக்கத்தில் ஒருமுறை, பாட்டு நன்றாக வர வேண்டும் என்று வயலினைக் கொஞ்சம் அடக்கிவிட்டேன். அடுத்த நாள் காலை வயலின்காரரின் மனைவி தொலைபேசியில் வந்தார். "ஏன் தங்கச்சி, இவர் அண்டைக்கு மேடைக்கு வரேல்லையோ?" என்று ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பிறகு நான் யாரையும் அடக்கவில்லை. நம் ஆட்களின் விழாக்களில் நன்றியுரை ஏன் அவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். கதிரை அடுக்கியவர் பெயர்கூட விடுபடக்கூடாது. என் மிக்ஸும் அப்படித்தான் ஆகிப்போனது. வந்திருந்த எல்லாரும் அதில் கேட்டார்கள், எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள்.

இதற்கு மாறான பாடம் ஒன்றும் எனக்குக் கிடைத்திருந்தது. நகரத்தில் நான் உதவியாளாக இருந்த பெரிய ஸ்ரூடியோவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பார். பாட்டு முடிந்ததென்று நான் காட்டினால், போடச் சொல்லிவிட்டு எழுந்து குசினிக்குப் போய்விடுவார். அங்கே கோப்பை கழுவிக்கொண்டே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார். சுவரைத் தாண்டி என்ன வருகிறதோ அதுதான் பாட்டு என்பது அவர் கணக்கு. மிச்சமெல்லாம் நாமும் நம் சிநேகிதர்களும் என்று ஒருமுறை சொன்னார். நான் தலையாட்டினேன். டூங்கபிக்குத் திரும்பி வந்து எல்லாருடைய சிநேகிதியாகவும் இருந்தேன்.

நிலானியின் அல்பத்துக்கு வருகிறேன். நிலானி மிருதங்க மாஸ்டரின் மகள். மாஸ்டர் என்றால் எங்கள் பக்கத்தில் ஒருவர்தான், என் அரங்கேற்றப் பதிவுகளில் பாதிக்கு அவர்தான் வாசித்திருக்கிறார். மகளைக் கர்நாடக சங்கீதப் பாடகியாக்க வேண்டும் என்று அவர் பட்ட பாடு ஊரறிந்தது. அவள் ஒரு பார்மசியில் வேலைக்குப் போய்க்கொண்டு, மத்தேயோ என்ற கொலம்பியப் பையனோடு சேர்ந்து ரெகெட்டோன் பாட ஆரம்பித்தாள். கரீபியன் தீவுகளின் தாளத்துக்கு மேலே ராப்பும் பொப் மெட்டும் கலந்து, கேட்டவர் இடுப்பைச் சும்மா இருக்க விடாத பாட்டு அது. மத்தேயோ தாளம் கட்டினான். இவள் ஆங்கிலத்தில் ராப் சொல்லி, தமிழில் பல்லவி பாடி, நடுவே ஸ்பானிய மொழியில் இரண்டு வரி போட்டாள். மாஸ்டருக்கும் மகளுக்கும் பேச்சுவார்த்தை சாப்பாட்டு அளவில் நின்றுபோனது.

எனக்கு அந்த அல்பம் கிடைத்தபோது தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் நான் செய்த வேலை எதுவும் எங்கள் ஆட்களின் வீட்டு வரவேற்பறையைத் தாண்டிப் போனதில்லை. இது போகும். நகரத்தில் ஒரு கம்பனி முதற்பாட்டுக்காகக் காத்திருந்தது. அந்தப் பாட்டு பிடித்தால் முழு அல்பத்தையும் எடுத்து வெளியிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். ஓய்வெடுக்கப் போகிற வருஷத்தில் என் பெயர் ஊர் தாண்டிப் போகப்போகிறது என்று நான் ஆசைப்பட்டேன். மற்றப் பாட்டுகளை எல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டேன். முதற்பாட்டு மட்டும் மிச்சம்.

அந்தப் பாட்டில் மாஸ்டரை வாசிக்க வைக்க வேண்டும் என்பது நிலானியின் ஆசை. கேட்கவே பயந்து, பிறகு கேட்டாள். அவர் வந்தார். மத்தேயோவின் தாளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இது தகிட தகிட தக. வேறை ஒண்டுமில்லை," என்றார்.

"ஓம் அப்பா, அதேதான்!" என்று நிலானி துள்ளினாள். அவள் தகப்பனோடு அப்படிப் பேசி நான் பார்த்து வெகுகாலம்.

அவர் வாசித்தார். சும்மா சொல்லக்கூடாது, அற்புதமான வாசிப்பு. அங்கேதான் சிக்கலும் இருந்தது. ரெகெட்டோன் தாளம் மாறவே கூடாது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்கிற நம்பிக்கையில் கடைசிவரை ஒரே அடியாகப் போக வேண்டும். மாஸ்டர் ஒரு சுற்றைப்போல் மறு சுற்றை வாசிக்கவில்லை. வரிக்கு வரி ஒரு புதுச் சொற்கட்டு, பல்லவி முடிகிற இடத்தில் எல்லாம் மூன்று தரம் அடுக்கி முடிக்கிற ஒரு தீர்மானம். அவர் பழகிய மேடையில் அதற்குத்தான் கைதட்டுவார்கள். முடித்துவிட்டு மகளைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அதைப் பார்த்த பிறகு அந்த வாசிப்பில் ஒரு அடியைக் குறைக்க எனக்குக் கை வருமா? எல்லாவற்றையும் வைத்தே மிக்ஸ் பண்ணி அனுப்பினேன்.

கிழமை முடியுமுன் நிலானி வந்தாள். கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டே பேசினாள்.

"அன்ரி, ப்ளீஸ் கோவிக்காதேங்கோ. அந்தப் பாட்டை மெல்பேர்னிலை ஒராளுக்கும் அனுப்பினனாங்கள். சும்மா ட்ரை பண்ணிப் பாக்க."

"ஆர் ஆள்?"

"விக்னேஷ் எண்டு. பொயிண்ட் குக். மத்தேயோவின்ரை ஃபிரெண்ட் ஒராளுக்கு மிக்ஸ் பண்ணினவர்."

"அதுக்கென்ன பிள்ளை, நல்லது," என்றேன். அவள் போனதும் கணினியைத் திறந்து அவன் யார் என்று தேடினேன். தமிழ்நாட்டுக்காரன். சென்னையில் சினிமாப் பாட்டுகளுக்கு உதவியாளாக இருந்துவிட்டு, இங்கே ஐ.டி. வேலைக்கு வந்தவன். வார நாளில் அலுவலகம், சனி ஞாயிறில் வீட்டுக் கராஜில் மிக்ஸிங். நான் முப்பது வருஷம் சோறாகத் தின்றதை இவன் வார இறுதியில் பலகாரமாகக் கொறிக்கிறான். ஒரு வயலின்காரரின் மனைவிக்கும் இவன் பதில் சொன்னதில்லை. கராஜின் படத்தைப் போட்டிருந்தான். அவன் ஸ்பீக்கர்களைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன், அடர்த்தியான தலைமுடியைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன்.

மறுநாள் காலை அவனுடைய மிக்ஸை நிலானி எனக்கு அனுப்பினாள். போட்டுவிட்டுக் குசினிக்குப் போனேன். கழுவக் கோப்பை ஒன்றும் இருக்கவில்லை, கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவினேன். சுவரைத் தாண்டி நிலானி வந்தாள். தாளமும் அவளும், வேறு யாருமில்லை. நான் மிக்ஸ் பண்ணியபோது நூறு தரம் கேட்ட அதே வரிகள்தான். அவள் என்ன சொல்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது. ஈரக் கையோடு அங்கேயே நின்று அவனைத் திட்டினேன். நன்றாக இல்லை என்று திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

அன்று முழுக்க அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். தம்பி தங்கைமாரே, பிடித்தவனின் வேலையை ஒருமுறை கேட்டு நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுவோம். பொறாமைப்பட்டவனின் வேலையைத்தான் மூச்சு விடும் இடம்வரை கேட்போம். அவன் என்ன செய்தான் என்று சாயங்காலத்துக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. மாஸ்டரின் சொற்கட்டுகள், தீர்மானங்கள் அத்தனையையும் எடுத்துவிட்டிருந்தான். மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியில் அடிக்கிற அந்தத் தாழ்ந்த ஒலியை மட்டும் மத்தேயோவின் தாளத்துக்கு அடியில் வைத்திருந்தான். உற்றுக் கேட்டால் ஒழியத் தெரியாது. ஆனால் அது இருந்ததால் தாளம் மரத்தில் அடித்ததுபோல இல்லாமல் தோலில் அடித்ததுபோல உடம்பில் பட்டது. மாஸ்டர் யார் என்று அவனுக்குத் தெரியாது. நிலானி கண்ணைத் துடைத்ததை அவன் பார்க்கவில்லை. அதனால் அவனால் குறைக்க முடிந்தது. எனக்குத் தெரிந்தவர்கள் அதிகம், அதுதான் என் மிக்ஸில் கேட்டது.

இனி எனக்கு இரண்டு வழி இருந்தது. அவன் செய்த எல்லாவற்றையும் நானும் செய்து, திருத்திவிட்டேன் என்று என் பெயரில் அனுப்பலாம். காது இருக்கிறது, செய்ய முடியும். அல்லது மாஸ்டருக்கு ஒரு தொலைபேசி எடுத்து, யாரோ ஒரு மெல்பேர்ன் பையன் உங்கள் வாசிப்பை வெட்டிவிட்டான் என்று வருத்தத்தோடு சொல்லலாம். அந்தப் பாட்டு அதோடு முடிந்துவிடும். தகப்பனுக்கு எதிராக அவள் அதை வெளியிடமாட்டாள். தொலைபேசியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டும் இருந்தேன். இரண்டையும் நான் செய்யாததற்குக் காரணம் நல்ல மனம் அல்ல. இரண்டிலும் அவன்தான் கெட்டிக்காரன் என்பது மாறப்போவதில்லை, அதை நான் மட்டும் தெரிந்துகொண்டு இருக்க வேண்டும். அதைவிட எரிச்சல் வேறில்லை.

சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டு ஸ்ரூடியோவில் எல்லாரும் கூடினோம். கம்பனிக்குத் திங்கட்கிழமை பாட்டு போயாக வேண்டும். நிலானி, மத்தேயோ, மாஸ்டர், நான். விக்னேஷ் மெல்பேர்னிலிருந்து விமானத்தில் வந்திருந்தான்.

"வணக்கம் மேடம். உங்க மத்த பாட்டெல்லாம் கேட்டேன். ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க," என்றான்.

"நன்றி," என்றேன். அவனை இன்னும் கொஞ்சம் வெறுத்தேன்.

இரண்டு மிக்ஸும் இருக்கிறது, கேட்டுவிட்டு ஒன்றைத் தெரிவு செய்வோம் என்று மட்டும்தான் மாஸ்டரிடம் சொல்லியிருந்தார்கள். இரண்டும் நான் செய்தவை என்றே அவர் நினைத்திருந்தார். விக்னேஷை மத்தேயோவின் சிநேகிதன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். முதலில் என்னுடையதைப் போட்டார்கள். மாஸ்டரின் முகம் மலர்ந்தது. தன் தீர்மானங்கள் வருமிடத்தில் விரலால் காற்றில் தட்டினார். பிறகு விக்னேஷினுடையதைப் போட்டார்கள். அவர் விரல் முதல் தீர்மானத்துக்காக எழுந்தது. அது வரவில்லை, விரல் அப்படியே நின்றது. பாட்டு முடியும்வரை அவர் அசையவில்லை. நிலானி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எது?" என்று மத்தேயோ ஆங்கிலத்தில் கேட்டான்.

நிலானி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அன்ரி, நீங்கள் முதல் சொல்லுங்கோ."

அவளுக்கு எது வேண்டுமென்று எனக்குத் தெரியும். தகப்பனின் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல அவளால் முடியாது. நான் சொன்னால் மாஸ்டர் மறுக்கமாட்டார், இத்தனை வருஷம் என் காதை நம்பியவர். ஆக, என் கையாலேயே என் கண்ணைக் குத்தச் சொல்கிறாள். கோபம் வந்தது. முதலாவது என்று ஒரு சொல் சொன்னால் போதும், மாஸ்டர் மகிழ்வார், என் பெயர் நிற்கும், பாட்டு கம்பனியில் போய்ப் படுத்துக்கொள்ளும். விக்னேஷ் என்னைப் பார்க்காமல் நாகரிகமாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டாவது," என்றேன்.

மாஸ்டர் திரும்பினார். "ஏன்? முதலாவதிலை மிருதங்கம் வடிவாக் கேக்குதே."

"ஓம் மாஸ்டர். வடிவாக் கேக்குது. அதாலை நிலானி என்ன சொல்லுறாள் எண்டு கேக்கேல்லை."

அவரிடம் அப்படி ஒரு வார்த்தையை நான் அதுவரை பேசியதில்லை. அவர் கதிரையை முன்னுக்கு இழுத்தார். "ரெண்டாவதைத் திருப்பிப் போடு," என்றார்.

போட்டார்கள். இந்தமுறை அவர் மகளைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பாதியில் இடது கை தொடைமேல் விழத் தொடங்கியது. சொற்கட்டு ஒன்றும் இல்லை, அந்தத் தாழ்ந்த அடி மட்டும், கடைசிவரை மாறாமல். அவருக்கு மட்டும்தான் அது தானாகக் கேட்டிருக்கும்.

"இஞ்சை கீழை நான் இருக்கிறன்," என்றார். "எனக்கு இவ்வளவு காணும். பிள்ளையின்ரை பாட்டுத்தானே."

நிலானி அழுதாள். மத்தேயோவுக்குத் தமிழ் புரியாது, இருந்தும் அவனும் மூக்கை உறிஞ்சினான். நான் என் பாட்டுக்கு வயிறெரிந்துகொண்டிருந்தேன். அப்போது மாஸ்டர் என் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் கூப்பினார்.

"நீங்கள் செய்ததிலையே இதுதான் திறம். உங்களுக்கு ஆளைக் குறைக்கத் தெரியாது எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

நிலானி வாயைத் திறந்து மூடினாள். மத்தேயோ யாராவது மொழிபெயர்ப்பார்களா என்று பார்த்தான். நான் விக்னேஷைப் பார்த்தேன். அவனுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. அவன் மெல்லச் சிரித்து, மாஸ்டரிடம், "ஆமா சார், மேடம் காதே தனி," என்றான். எனக்குத் தந்துவிட்டான். தன் பாட்டை, என் வீட்டில் வைத்து, எனக்குத் தானமாகத் தருகிறான்.

நான் வாங்கிக்கொண்டிருக்கலாம். யாரும் மறுத்திருக்கமாட்டார்கள், அவனே மறுக்கவில்லை. ஆனால் அவன் முகத்தில் இருந்த அந்தப் பெருந்தன்மையை என்னால் தாங்க முடியவில்லை. பாட்டில் வென்றாய், சரி. மரியாதையிலும் என்னை வென்றுவிட்டு மெல்பேர்னுக்கு விமானம் ஏறப் பார்க்கிறாயா? அதுமட்டும் நடக்கவிடமாட்டேன் என்று நினைத்தேன்.

"இல்லை மாஸ்டர். முதலாவதுதான் என்ரை. இது இந்தத் தம்பி செய்தது," என்றேன்.

நல்ல முடிவெடுக்க நல்ல மனம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கு எனக்கு அது வரவில்லை. வந்தது பொறாமை, கையில் இருந்தது அது ஒன்றுதான், அதை வைத்துத்தான் உண்மையைச் சொன்னேன். காதால் அவனை முந்த முடியவில்லை, இதிலாவது முந்தினேன்.

கம்பனி அல்பத்தை எடுத்தது. அந்தப் பாட்டை நீங்கள் கேட்டிருப்பீர்கள், கடைத்தெருவில் எல்லாம் ஓடுகிறது. விக்னேஷ் எங்கள் பண்டிகைகளுக்கெல்லாம் வாழ்த்து அனுப்புகிறான், நானும் இரண்டு சொல்லில் பதில் அனுப்புகிறேன். அந்தப் பாட்டு எனக்கு இப்போது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பாட்டைவிட வலிக்கிறது வேறொன்று. நான் சொன்னதைக் கேட்டு மாஸ்டர் கதிரையை விட்டு எழுந்தார். நேரே விக்னேஷிடம் போனார். மிருதங்கம் வாசித்துக் காய்த்துப்போன அந்தக் கைகளால் அவன் கையை எடுத்து, வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷம் நான் அவரை ஒரு அடிகூட விடாமல் எல்லாருக்கும் கேட்க வைத்தேன். என் கையை அவர் அப்படிப் பிடித்ததே இல்லை.